கண்டக்டர் வளர்த்த ஒற்றை மீன்

'இடமில்லை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வண்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குமே திரும்பாத டிரைவர்கூடத் திரும்பினார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பென்னாகரத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. தருமபுரி வீட்டிலிருந்து காலையில் அந்த வண்டியில் போவேன், சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவேன். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போய் வந்தும் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. சட்டையில் குத்தியிருந்த பித்தளை வில்லையில் எண்தான் இருந்தது. எனக்கு அவர் கண்டக்டர், அவருக்கு நான் டீச்சர்.

ஆள் ஒல்லி. கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வருவதற்காகவே அளவெடுத்துச் செய்த உடம்பு. காதில் ஒரு பென்சில், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். அவர் வண்டியில் ஏறுபவர்களுக்கு உட்காரும் உரிமை உண்டு, ஆனால் எங்கே, யாரோடு என்பதை அவர்தான் முடிவு செய்வார். பருத்தவர் பக்கத்தில் ஒல்லியானவர், கோழிக்கூடைக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி, ஓயாமல் பேசுகிறவருக்குப் பக்கத்தில் காது கேட்காத பெரியவர் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர். மூன்று பேர் சீட்டில் நாலு பேரும் ஒரு மடிக்குழந்தையும். எல்லாம் நிரம்பி, இனி ஒரு குண்டூசி விழுந்தால்கூடத் தரையைத் தொடாது என்று நாம் நினைக்கும்போது வழியில் யாராவது கையைக் காட்டுவார்கள். உடனே விசில் ஊதி நிறுத்துவார்.

"கொஞ்சம் ஒட்டுங்க, ஒட்டுங்க! இன்னொரு ஆளு தாராளமாப் புடிக்கும்!"

அந்தத் 'தாராளமா'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வழியில் ஆபீசர் நின்று தலை எண்ணுகிறார் என்று எதிரே வரும் வண்டிக்காரர் கையை ஆட்டிக் காட்டிவிட்டால், கூடுதலாக ஏற்றிய பத்துப் பதினைந்து பேரை முன்னாலேயே இறக்கிவிடுவார். "அந்தப் புளியமரத்துகிட்ட நிக்கறனுங்க. நடந்து வந்துருங்க" என்பார். சொன்னபடி நிற்பார். ஒருமுறை இப்படி இறக்கிவிட்டபோது மழை பிடித்துக்கொண்டது. டிரைவரை மட்டும் வண்டியோடு அனுப்பிவிட்டு, இவரும் இறங்கி அந்தப் பதினைந்து பேரோடு நனைந்துகொண்டே நடந்து வந்தார். வண்டியில் ஏறியவுடன் தலையைத் துவட்டக்கூட இல்லை, இறங்கியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணினார். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மறுநாள் வந்துவிட்டது.

ஏனென்றால் நான் தனியாக இருக்கப் பிரியப்படுகிறவள். சிறு வயதிலேயே அம்மா போய்விட்டார். வீட்டில் நானும் அப்பாவும்தான், இரண்டு பேருக்குமே பேச்சு குறைவு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டால் போதும் எனக்கு. ஆனால் இண்டூர் வந்தால் கீரைக்காரம்மா ஏறுவாள். சொல்லிவைத்தாற்போல அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில்தான் உட்காரவைப்பார். "தள்ளு கண்ணு" என்று ஒரு இடி இடித்து உட்கார்ந்து, சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும் கீரைக்கூடையை என் காலோடு ஒட்டி வைப்பாள். பென்னாகரத்தில் இறங்கும்போது என் சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்த மீன் வந்து சேர்ந்தது.

கொழுந்தியாள் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டு மெட்ராஸ் போயிருந்தார். திரும்பி வந்த முதல் நாள் எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"டீச்சர், நீங்க சயின்சு தானுங்களே?"

"ஆமாங்க."

"மீனைப் பத்தித் தெரியுங்களா?"

செவுள், துடுப்பு, செதில் என்று அம்புக்குறி போட்ட படம் ஒன்று எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த மீன் அதுவும், குழம்பில் கிடப்பதும்தான். "ஏன் தெரியாது?" என்றேன்.

அவர் ஒரு மீன் வாங்கி வந்திருந்தார். "மூர் மார்க்கெட்டுல ஒரு கடைங்க. வரிசையா ஹார்லிக்ஸ் பாட்டிலு. பாட்டிலுக்கு ஒரு மீனுதான். நீல ஒடம்பு, செவப்பு றெக்கை, பட்டுச்சேலையாட்டம். அவ்ளோ பெரிய ஊருல ஒவ்வொண்ணும் ஒத்தை ஒத்தையா நிக்குதுங்க. எனக்கு மனசே கேக்கல. ஏங்க இப்படின்னு கேட்டா, ஃபைட்டர் மீனு, ஒண்ணாப் போட்டா அடிச்சுக்கும்ங்கறான். நம்ம வண்டியிலயுந்தான் அடிச்சுக்கறாங்க. அதுக்காக ஆளுக்கொரு வண்டியா உடறோம்? பாட்டிலு விக்கறதுக்கு அவன் சொல்ற கதைங்க அது."

அந்த மீனை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு, மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, தண்ணீர் சிந்திவிடக் கூடாதென்று மூடியை இறுக்கி மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது மீன் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறது, அதற்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

"மூடியில ஓட்டை போட்டீங்களா?"

"இல்லீங்களே!"

"மூச்சு விட வேண்டாமா அதுக்கு? காத்து போகணும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பென்னாகரம் வந்ததும் அங்கிருந்து திரும்பும் வேறொரு வண்டியின் கண்டக்டரைப் பிடித்து, தன் வீட்டுக்கு ஆள் அனுப்பி மூடியைத் திறந்துவிடச் சொன்னார். மறுநாள் வண்டியே கேட்கும்படி அறிவித்தார்: "டீச்சர் சொன்னாங்க, மீனு பொழச்சுக்கிச்சு!"

இரண்டாவது பிரச்சினை சாப்பாடு. அவர் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் பட்டினியாகப் போனதில்லை, மீனை மட்டும் விடுவாரா? முதல் நாள் பொரி, இரண்டாம் நாள் இட்லி, மூன்றாம் நாள் ராகிக்களி உருண்டையை நுணுக்கிப் போட்டிருக்கிறார். மீன் எதையும் தொடவில்லை. தண்ணீர்தான் கூழாகிவிட்டது. மலேரியா பாடம் நடத்தும்போது நான் வருடா வருடம் சொல்லுவது ஞாபகம் வந்தது. "கொசுப்புழு போடுங்க" என்றேன். அடுத்த நாள் வந்து என்னைக் கும்பிட்டார். போட்ட புழுவெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் காலியாம்.

அதோடு விட்டாரா? கொல்லையில் இரண்டு தொட்டியில் தண்ணீர் பிடித்துத் திறந்துவைத்துக் கொசு வளர்க்க ஆரம்பித்துவிட்டார். கொசு ஒழிப்பு ஆள் வீடு வீடாக வந்து தொட்டிகளைப் பார்த்த காலம் அது. வந்தவர் அதிர்ந்துபோய் எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். இவர் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், உட்காரவைத்து, டீ கொடுத்து, மீன் ஒவ்வொரு புழுவாகப் பிடித்து விழுங்குவதைக் காட்டியிருக்கிறார். "என் வூட்டுக் கொசு ஒண்ணுகூடப் பறக்கறவரைக்கும் வராதுங்க" என்றாராம். வந்தவர் அரைமணி நேரம் மீனைப் பார்த்துவிட்டு, ஒரு தொட்டியை மட்டும் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் எங்கள் பல்லைப் பார்த்தால் போதும். "மனுசன் பல்லையே இப்படிக் கறையாக்குது, மீனு தாங்குங்களா?" என்று அவரே யோசித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு தகர டின் எங்களோடு பயணம் செய்ய ஆரம்பித்தது. காலையில் காலியாக ஒகேனக்கல்லுக்குப் போகும், சாயங்காலம் காவேரித் தண்ணீரோடு திரும்பும். என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் அதற்கு நிரந்தர இடம்.

டிரைவர் ஒருநாள் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "தண்ணிக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"அரை டிக்கெட்டுங்க" என்றார் இவர்.

இதையெல்லாம் நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லுவேன். அப்பா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியிருந்தது. செய்தித்தாளை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தனியாக இருப்பார். முதலில் 'ஊம்' கொட்டிக்கொண்டிருந்தவர், கொசு ஒழிப்பு ஆள் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிடுவார்: "என்னம்மா, இன்னைக்கு மீன் என்ன சொல்லுச்சு?"

அதனால் சாயங்கால வண்டியில் நானே கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ஜன்னலோரத்துப் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. அப்பாவுக்குக் கொண்டுபோக எனக்குத் தினம் ஒரு மீன் செய்தி வேண்டியிருந்தது.

இரண்டு முறை சரியாகச் சொல்லிவிட்டதில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. வண்டியில் ஏறுபவர்கள்கூட, "நம்ம டீச்சருக்கு மீனு விசயம் அத்துப்படி" என்று பேசிக்கொண்டார்கள். பென்னாகரத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் அதே வண்டியில் வந்து போவார். அவர் தன் கடையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி ஜாடியை மீனுக்கென்று கொடுத்தார். மீன் ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து ஜாடிக்குக் குடிபோயிற்று. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அவ்வளவு பெரிய ஜாடியில் ஒரே ஒரு மீன். கண்டக்டருக்கு அது தூக்கத்தைக் கெடுத்தது. "முப்பது சீட்டு வண்டியில ஒரு ஆள ஏத்திக்கிட்டுப் போறாப்பல இருக்குதுங்க" என்று புலம்பினார். ஒருநாள் சவரக் கண்ணாடியை எடுத்து ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் அவருக்கு நிலை கொள்ளவில்லை.

"டீச்சர்! கண்ணாடியில தன் உருவத்தப் பாத்ததும் என்னா சந்தோசம்ங்கறீங்க! செவுளத் தூக்கிக்கிட்டு, றெக்கையெல்லாம் விரிச்சுக்கிட்டு ஒரே ஆட்டம்! தோஸ்து வந்துட்டான்னு நெனச்சுக்கிச்சு பாவம்."

நானும் அதைச் சந்தோஷம் என்றேதான் நினைத்தேன். சண்டைக்கு வரிந்து கட்டுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டியில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மீன் கூட்டமா வாழுற உயிரினம். தனியா விட்டா ஏங்கிப் போயிடும். ஒரு துணை போடுங்க" என்றேன். பக்கத்தில் யாரும் உட்காராமல் இருந்தால் போதும் என்று தினமும் வேண்டிக்கொள்கிற நான்தான் அப்படிச் சொன்னேன்.

வண்டி ஒகேனக்கல்லில் ஒரு மணி நேரம் நிற்கும். அங்கே பரிசல்காரர் ஒருவர் துண்டைத் தண்ணீரில் விரித்து விரலளவு கெண்டைக் குஞ்சு ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அது அன்று மாலை டின்னிலேயே தருமபுரி வந்து ஜாடிக்குள் போனது. கெண்டை ஜோராக ஓடியது. ஃபைட்டர் அதைத் துரத்தியது. "வெளையாடுது" என்றார் கண்டக்டர். ஒன்று போட்ட கை சும்மா இருக்குமா? மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் பரிசல்காரர் தானாகவே இரண்டு கொடுத்துவிட்டார். சனிக்கிழமை நான் கேட்டபோது, ஜாடிக்குள் ஃபைட்டரோடு ஐந்து கெண்டை இருந்தன.

"அஞ்சா! நெருக்கமா இருக்காதா?"

"இன்னொண்ணு தாராளமாப் புடிக்குமுங்க."

செவ்வாய்க்கிழமை காலை அவர் விசில் ஊதியதிலேயே உயிர் இல்லை. இண்டூரில் கையைக் காட்டியவர்களை ஏற்றினார், ஆனால் யாரையும் ஒட்டி உட்காரச் சொல்லவில்லை. என்னிடம் வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"றெக்கையெல்லாம் கிழிச்சுப் போட்டுருச்சுங்க டீச்சர். கெண்டைங்கதான். முன்னாடி ஒண்ணத் தொரத்துனா, பின்னாடி நாலு வந்து கடிக்குதுங்க. ஃபைட்டருன்னு பேருதான். அடியில போயிப் படுத்துக்கிச்சு. நேத்திலிருந்து ஒண்ணும் தின்னல."

கீரைக்காரம்மா சட்டென்று, "நம்ம காவேரி மீனுன்னா சும்மாவா!" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. உள்ளே நுழைந்தால் எங்கு பார்த்தாலும் ஆட்கள். அவருடைய தம்பி குடும்பம், மனைவியின் அக்கா குடும்பம், முந்தின நாள் சந்தைக்கு வந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு இரவு தங்கிவிட்ட யாரோ இருவர். மொத்தம் பதினோரு பேர் என்று நினைக்கிறேன், என்னைச் சேர்க்காமல்.

அவர் மனைவி ஒரு முறத்தைத் தூக்கி நகர்த்தி எனக்கு இடம் செய்தார். "உக்காருங்க டீச்சர். இவரு வூட்டையும் பஸ்ஸாட்டந்தான் வெச்சிருக்காரு."

ஜாடி அலமாரியில் இருந்தது. கெண்டைகளைப் பிடித்துக் கிணற்றில் விட்டாகிவிட்டது. ஃபைட்டர் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பட்டுச்சேலை என்று அவர் சொன்ன துடுப்பு, எலி கடித்த துணி மாதிரித் தொங்கியது. வீட்டிலிருந்த அத்தனை பேரும் மாற்றி மாற்றி வந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியை விரலால் தட்டினார். இன்னொருவர், "ஏந்திரி சாமி, ஒரு வாய் சாப்பிடு" என்றார். கண்டக்டர் புழு இருந்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளிக்குக் கஞ்சி கொடுக்க நிற்பவர்போல நின்றார்.

"இந்த வூட்டுல அது ஒண்ணுக்குத்தான் தனி ரூமு இருந்துச்சு" என்றார் அவர் மனைவி. "அதையும் கெடுத்தாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று, எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி ஒரு தட்டு நிறைய நிலக்கடலை அவித்ததைக் கொண்டுவந்து, "டீச்சர் சொல்லித்தானுங்க இத்தன நாளு அது உசுரோட இருக்குது" என்றார். கடலையைத் தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.

அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அன்று அவர் சிரிக்கவில்லை. "பிழைச்சா சொல்லும்மா" என்றார். அதற்கடுத்த நாட்களில் தினமும் ஒரே கேள்விதான்: "சாப்பிட்டுதா?" நானும் தினமும் இல்லை என்று சொன்னேன்.

வியாழக்கிழமை காலை அப்பா காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார், மார்பைப் பிடித்துக்கொண்டார். டாக்டரை அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வந்த உறவினர்கள் போய், பதினெட்டாம் நாள் மறுபடி பஸ் ஏறினேன். எப்போதும் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார். முகத்தைப் பார்த்தார். அப்பா போனது அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் விசாரிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, முன்னால் போய் அந்தத் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

நானும் எதுவும் கேட்கவில்லை. மீன் செத்திருந்தால் அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. பிழைத்திருந்தால் அந்தச் செய்தியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்லுவது?

இண்டூரில் வண்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. கீரைக்காரம்மா கூடையோடு ஏறி, வழக்கம்போல என் பக்கம் வந்து டின்னை எடுக்கக் கையை நீட்டினாள்.

"அக்கா, அங்க எடமில்லீங்க" என்றார் கண்டக்டர்.

அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கீரைக்காரம்மா காலி டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய் என்ஜின் மூடிமேல் உட்கார்ந்தாள். அந்தச் சூட்டில் ஒரு நிமிடம்கூட ஒரே மாதிரி உட்கார முடியாது. நெளிந்துகொண்டே பென்னாகரம் வரைக்கும் வந்தாள். வண்டியில் நின்றுகொண்டு வந்தவர்கள் இருபது பேருக்குக் குறையாது. ஒருவர்கூட அந்தச் சீட்டைக் கேட்கவில்லை. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வீட்டில் உறவுக்காரர்கள் நடுவில் அழ முடியாத அழுகையை அழுதேன்.

அடுத்த நாளும் டின் வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த நாளும். கீரைக்காரம்மா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு என்ஜின் மூடிக்குப் போய்விடுவாள்.

ஐந்தாம் நாள் வளைவு ஒன்றில் டின் சாய்ந்து என் முழங்கையில் இடித்தது. பிடித்து நிமிர்த்தினேன். உள்ளே அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்து சலசலத்தது. மீன் செத்திருந்தால் இந்த டின் எதற்காகத் தினமும் ஒகேனக்கல்லுக்குப் போகிறது? ஒரு அறிவியல் டீச்சருக்கு இதைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

கண்டக்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

"மீன் சாப்பிட்டுதா?"

அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. இத்தனை நாள் வாயை அடக்கிக்கொண்டிருந்தது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

"சாப்புடுதுங்க டீச்சர்! நாளுக்கு எட்டுப் புழு! றெக்கைகூட ஓரமா முளைக்குது. ஜாடியச் சுத்திப் பேப்பரு ஒட்டிட்டேங்க. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது, தட்டக் கூடாது, சாப்புடு சாப்புடுன்னு சொல்லக் கூடாதுன்னுட்டேன். நானும் பாக்கல. புழுவ மட்டும் போட்டுட்டு வந்துருவேன். ஒன்பதாம் நாளு அதுவா மேல வந்து வாயத் தொறந்துச்சுங்க."

அன்று அவர் வீட்டில் விழுங்கிய வார்த்தையைச் சொன்னேன். "துணை போடுங்கன்னு நான் தெரியாமதாங்க சொன்னேன். எனக்கு மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

"கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், எனக்கும்தான் புத்தி வல்லீங்க" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த விசயத்துல நாம ரெண்டு பேருமே டிக்கெட் வாங்காம ஏறுன ஆளுங்க. வெளிய சொல்லிக்காதீங்க."

சிரித்துவிட்டேன். அப்பா போனபின் முதல் தடவையாகச் சிரித்தேன். அப்பா கேட்டிருந்தால் இதற்கும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் அழுகை வரவில்லை.

இண்டூர் வந்தது. கீரைக்காரம்மா ஏறி, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு என்ஜின் மூடியை நோக்கி நடந்தாள். நான் டின்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"அக்கா, இங்க வாங்க. இன்னொரு ஆளு தாராளமாப் பிடிக்கும்."

அவள் கண்டக்டரின் முகத்தைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு விசிலை எடுத்து நீளமாக ஊதினார். வண்டி நகர்ந்தது. கீரைக்காரம்மா வந்து, "தள்ளு கண்ணு" என்று ஒரு இடி இடித்து உட்கார்ந்து, ஈரக் கூடையை என் காலோடு ஒட்டி வைத்தாள்.